பாதுகாப்பான அளவு எது? பிஸ்பெனால் ஏ எழுப்பிய கேள்விகள்

பிஸ்பெனால் ஏ என்னும் இரசாயனப் பொருளை ஒருவர் அன்றாடம் எவ்வளவு உட்கொண்டால் தீங்கில்லை என்ற கேள்விக்கு, 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை புதிய விடை ஒன்றை அளித்தது. அதே முகமை 2015ஆம் ஆண்டில் அறிவித்திருந்த அளவைவிட இது 20,000 மடங்கு குறைவானது.

ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதனை ஏற்கவில்லை. ஐரோப்பிய முகமை கூறிய அளவைவிட ஆயிரம் மடங்கு கூடுதலான ஓர் அளவே மக்களைப் பாதுகாக்கப் போதுமானது என்று அது அதே ஆண்டில் வாதிட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ, அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள் அனைத்தும் பாதுகாப்பானவையே என்று 2018ஆம் ஆண்டில் கூறியிருந்தது.

இந்த அமைப்புகள் அனைத்திலும் பணியாற்றுபவர்கள் தேர்ந்த நச்சியல் நிபுணர்கள். அவர்கள் முன்னால் இருந்த ஆய்வுகளில் பெரும்பகுதியும் பொதுவானவை. இருந்தும் அவர்களது முடிவுகள் சிறிதளவில் அல்ல, பல்லாயிரம் மடங்கு வேறுபட்டன.

"பாதுகாப்பான அளவு" என்று அரசுகள் அறிவிக்கும் எண், வெப்பநிலையைப் போல ஒரு கருவி அளந்து சொல்லும் எண் அல்ல. எதனைத் தீங்கு என்று கொள்வது, எந்த ஆய்வைச் சான்றாக ஏற்பது, ஐயத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்ற தீர்மானங்களும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பிஸ்பெனால் ஏ-யின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

எங்கும் பரவிய பொருள்

பிஸ்பெனால் ஏ முதன்முதலில் 1891ஆம் ஆண்டில் ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் டயானினால் உருவாக்கப்பட்டது. அதற்கு அப்போது பயன் எதுவும் இருக்கவில்லை.

1930களில் லண்டனைச் சேர்ந்த விஞ்ஞானி சார்ள்ஸ் டொட்ஸ், பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போலச் செயல்படக்கூடிய செயற்கைப் பொருட்களைத் தேடிவந்தார். அவர் பரிசோதித்தவற்றில் பிஸ்பெனால் ஏ-யும் ஒன்று. அது ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்பட்டது. ஆனால் அதன் வீரியம் குறைவாக இருந்தது.

அதைவிட மிகவும் வீரியம் கொண்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற பொருளை டொட்ஸ் குழுவினர் 1938ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் கர்ப்பிணிப் பெண்களுக்கு அந்த மருந்து பல ஆண்டுகள் வழங்கப்பட்டது. அதனை உட்கொண்ட தாய்மார்களின் மகள்மார் சிலருக்கு, இளம் வயதிலேயே பிறப்புறுப்பில் அரியவகைப் புற்றுநோய் தோன்றியதை 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் வெளிப்படுத்தினர்.

கருவில் இருக்கும்போது உடலைத் தொட்ட ஒரு பொருளின் விளைவு, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டலாம் என்பதை மருத்துவ உலகம் அப்போது கற்றுக்கொண்டது. பிஸ்பெனால் ஏ பற்றிய பின்னாளைய அச்சங்களுக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

மருந்தாகப் பயன்படாத பிஸ்பெனால் ஏ-க்கு பிளாஸ்டிக் தொழிலில் மறுவாழ்வு கிடைத்தது. 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலும், ஒருவரையொருவர் அறியாத ஆய்வாளர்கள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கை உருவாக்கினர். கண்ணாடியைப் போலத் தெளிவும், கீழே விழுந்தாலும் உடையாத உறுதியும் கொண்ட அந்த பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் பிஸ்பெனால் ஏ.

குழந்தைகளின் பால் புட்டிகள், அலுவலகங்களில் வைக்கப்படும் பெரிய தண்ணீர்க் கலன்கள் ஆகியவற்றில் அது இடம்பிடித்தது. உணவு அடைக்கப்படும் தகர டப்பாக்கள் துருப்பிடிக்காமல் இருக்க உட்புறத்தில் பூசப்படும் எபொக்சி பூச்சிலும், கடைகளில் பணம் செலுத்தியதும் கிடைக்கும் ரசீதுத் தாளிலும் அது சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் 2003-04ஆம் ஆண்டுகளில் ஆறு வயதுக்கு மேற்பட்ட சுமார் 2,500 பேரிடம் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய சிறுநீர்ப் பரிசோதனையில், 93 சதவீதத்தினரிடம் பிஸ்பெனால் ஏ காணப்பட்டது.

எண் ஒன்று பிறக்கும் விதம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தமிழர்கள் அறிந்த பழமொழி. நச்சியல் என்ற துறையும் இதே கருத்தின் மீதுதான் எழுந்து நிற்கிறது. எந்தப் பொருளும் போதிய அளவில் நஞ்சாகும். எந்த நஞ்சும் போதிய அளவு குறைந்தால் தீங்கற்றதாகும் என்பது அதன் அடிப்படை.

இதனை நடைமுறைப்படுத்தும் வழி, கேட்பதற்கு எளிமையானது. எலி, சுண்டெலி போன்ற விலங்குகளுக்கு ஒரு பொருளை வெவ்வேறு அளவுகளில் கொடுத்து, எந்த அளவு வரை தீய விளைவு எதுவும் தென்படவில்லை என்று பார்ப்பார்கள். அந்த அளவை ஒரு பாதுகாப்பு எண்ணால் வகுப்பார்கள்.

பொதுவாக அந்த எண் 100. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகளான லேமன், ஃபிட்ஸ்ஹியூ ஆகிய இருவர் 1954ஆம் ஆண்டில் முன்வைத்தது அது. விலங்குகளைவிட மனிதர்கள் பத்து மடங்கு எளிதில் பாதிக்கப்படலாம் என்றும், மனிதர்களுக்குள்ளேயே சிலர் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு எளிதில் பாதிக்கப்படலாம் என்றும் அந்த எண்ணுக்குப் பின்னாளில் விளக்கம் தரப்பட்டது. பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு.

பிஸ்பெனால் ஏ விடயத்தில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 2006ஆம் ஆண்டில் இந்த வழியையே பின்பற்றியது. விலங்குகளின் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை தீங்கு தென்படவில்லை என்று அது கொண்டது. அதனை நூறால் வகுத்து, மனிதர்களுக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று நாளாந்த வரம்பை அறிவித்தது.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2002இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு இதே 5 மில்லிகிராமை எடுத்துக்கொண்டு அதனை 500ஆல் வகுத்திருந்தது. கூடுதல் ஆய்வுகள் தேவை என்ற எச்சரிக்கை காரணமாக அப்போது வரம்பு 10 மைக்ரோகிராமாக இருந்தது. புதிய விலங்காய்வுகள் வந்த பின்னர் அந்த எச்சரிக்கை தேவையில்லை என்று கருதப்பட்டதால், 2006இல் வரம்பு ஐந்து மடங்கு தளர்த்தப்பட்டது.

அந்தத் தளர்வுக்கு முன்பே, பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலிருந்து வேறு விதமான செய்திகள் வரத் தொடங்கியிருந்தன.

கூண்டுகள் சொன்ன செய்தி

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈஸ்ட்ரோஜன் தொடர்பான பரிசோதனைகளில் ஈடுபட்டிருந்தபோது, தாங்கள் சேர்க்காத ஏதோ ஒன்று ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுவதைக் கவனித்தனர். அதன் மூலம், அவர்கள் பயன்படுத்திய பாலிகார்பனேட் குடுவைகள். கிருமி நீக்கத்துக்காக உயர் வெப்பத்தில் வைக்கப்பட்டபோது, அவற்றிலிருந்து பிஸ்பெனால் ஏ நீரில் கசிந்திருந்தது.

1997ஆம் ஆண்டில் மிசூரி பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் வொம் சால் குழுவினர், கருவுற்ற சுண்டெலிகளுக்கு மிகச் சிறிய அளவுகளில் பிஸ்பெனால் ஏ கொடுத்தனர். பிறந்த ஆண் குட்டிகள் வளர்ந்தபோது அவற்றின் புரோஸ்டேட் சுரப்பி பெரிதாக இருந்ததாக அவர்கள் தெரிவித்தனர்.

அடுத்த ஆண்டில் பேட்ரிஷியா ஹன்ட் என்ற மரபியல் ஆய்வாளரின் ஆய்வுகூடத்தில், எந்த இரசாயனமும் கொடுக்கப்படாத சுண்டெலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறுகள் திடீரென அதிகரித்தன. விலங்குகளின் பிளாஸ்டிக் கூண்டுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் தவறான சவர்க்காரத்தால் கழுவப்பட்டுச் சிதைந்திருந்ததும், அவற்றிலிருந்து பிஸ்பெனால் ஏ கசிந்ததும் பின்னர் தெரியவந்தன. அந்த விவரங்கள் 2003ஆம் ஆண்டில் வெளியாயின.

இத்தகைய ஆய்வுகள், நச்சியலின் வழக்கமான கணிப்பு முறைக்கே சவாலாக அமைந்தன. அளவு கூடக் கூடத் தீங்கும் கூடும், அளவு குறையக் குறையத் தீங்கும் குறையும் என்ற எண்ணத்தில்தான் அந்த முறை இயங்குகிறது. அதிக அளவில் தீங்கில்லை என்று கண்டால், குறைந்த அளவைத் தனியே சோதிக்கத் தேவையில்லை.

ஹார்மோன்கள் அப்படி இயங்குவதில்லை என்று உட்சுரப்பியல் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இரத்தத்தில் மிக நுண்ணிய அளவிலேயே அவை உடலின் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன. அளவு மிகும்போது உடல் தன் எதிர்வினையைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே, ஹார்மோனைப் போல நடிக்கும் ஒரு பொருள், பெரிய அளவில் காட்டாத விளைவைச் சிறிய அளவில் காட்டலாம் என்பது அவர்கள் வாதம்.

எந்தச் சான்று செல்லும்?

வொம் சாலும் மற்றொரு ஆய்வாளரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பு, சர்ச்சையைக் கூர்மையாக்கியது. குறைந்த அளவு பிஸ்பெனால் ஏ பற்றி அதுவரை வெளியான 115 விலங்காய்வுகளை அவர்கள் தொகுத்தனர். அரசு நிதியில் நடந்த 104 ஆய்வுகளில் 94 ஆய்வுகள் ஏதேனும் ஒரு விளைவைக் கண்டிருந்தன. தொழில்துறை நிதியில் நடந்த 11 ஆய்வுகளில் ஒன்றுகூட எந்த விளைவையும் காணவில்லை.

ஆனால் அரசு அமைப்புகள் தமது வரம்புகளை நிர்ணயிக்க, பெரும்பாலும் அந்தச் சிறிய தொகுதியைச் சேர்ந்த ஆய்வுகளையே நம்பியிருந்தன. அதற்கு அவை கூறிய காரணம் "நல்ல ஆய்வுகூட நடைமுறை" என்ற விதிமுறைத் தொகுப்பு.

இந்த விதிமுறைகள் பிறந்த கதையும் கவனத்துக்குரியது. 1970களில் அமெரிக்காவின் இன்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற தனியார் ஆய்வு நிறுவனம், பூச்சிக்கொல்லி மற்றும் மருந்து நிறுவனங்களுக்காக நடத்திய பரிசோதனைகளில் பொய்த் தரவுகளைப் புகுத்தியது அம்பலமானது. அதன் முன்னாள் அதிகாரிகள் மூவர் 1983ஆம் ஆண்டில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர்.

இத்தகைய மோசடிகளைத் தடுப்பதற்காக 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், 1981ஆம் ஆண்டில் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் நாடுகளிலும் இந்த நடைமுறைகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு விலங்கின் விவரமும் பதிவு செய்யப்பட வேண்டும், தரவுகள் பேணப்பட வேண்டும், வெளியார் வந்து சரிபார்க்க இயல வேண்டும் என்று அவை விதிக்கின்றன.

நேர்மையாகப் பதிவு செய்யப்படுவதை இந்த விதிகள் உறுதிப்படுத்துகின்றன. சரியான கேள்வி கேட்கப்பட்டதா என்பதை அவை உறுதிப்படுத்துவதில்லை என்பது பல்கலைக்கழக ஆய்வாளர்களின் விமர்சனம். உறுப்புகளின் எடை, கட்டிகள் போன்ற பழைய அளவுகோல்களைக் கொண்டு, மூளை வளர்ச்சியிலோ நோய் எதிர்ப்பு அமைப்பிலோ நிகழும் நுண்ணிய மாற்றங்களைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள் அவர்கள்.

மறுதரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக ஆய்வுகள் பலவற்றில் விலங்குகளின் எண்ணிக்கை குறைவு. ஓரிரு அளவுகளே சோதிக்கப்பட்டன. ஓர் ஆய்வுகூடம் கண்டதை இன்னோர் ஆய்வுகூடம் மீண்டும் காணத் தவறிய நிகழ்வுகளும் உண்டு. விளைவு கண்ட ஆய்வே அறிவியல் இதழ்களில் எளிதில் இடம்பெறுகிறது என்பதும் அறியப்பட்ட ஒன்றுதான்.

இந்தப் பிளவைச் சீர்செய்ய அமெரிக்க அரசு பெரிய முயற்சி ஒன்றை மேற்கொண்டது. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய கிளாரிட்டி என்ற திட்டத்தில், உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விதிமுறைப்படி எலிகளை வளர்த்துப் பெரிய அளவில் ஆய்வு நடத்தியது. அதே எலிகளின் உறுப்புகள் பத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் அனுப்பப்பட்டன. எந்த எலிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது.

2018ஆம் ஆண்டில் முடிவுகள் வந்தபோது பிளவு நீங்கவில்லை. குறைந்த அளவுகளில் தென்பட்ட மாற்றங்களில் ஒழுங்கு எதுவும் இல்லை, அவை தற்செயலானவையாக இருக்கலாம் என்று நிர்வாகம் கருதியது. சோதிக்கப்பட்டதிலேயே மிகக் குறைந்த அளவான கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராமிலேயே பல உறுப்புகளில் விளைவுகள் தெரிகின்றன என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாதிட்டனர். தரவைப் பொதுவாக்கிய போதிலும், அதனைப் படிக்கும் முறை பொதுவாகவில்லை.

2023: ஒரு வெள்ளணுவின் கதை

ஐரோப்பாவில் 2015ஆம் ஆண்டில், சுண்டெலிகளின் சிறுநீரக எடையில் ஏற்பட்ட மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டு வரம்பு 4 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது. மார்பகம், இனப்பெருக்கம், நோய் எதிர்ப்பு ஆகியவை பற்றிய ஐயங்கள் தீராததால், கூடுதலாக ஆறு மடங்கு பாதுகாப்பும் அதில் சேர்க்கப்பட்டது. அது தற்காலிக வரம்பு என்றே அறிவிக்கப்பட்டது.

அடுத்த மதிப்பீட்டுக்காக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை தனது செயல்முறையையே மாற்றிக்கொண்டது. எந்த ஆய்வை எந்த அளவுகோலின்படி ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிட்டது. விதிமுறைப்படி நடந்ததா என்பதைவிட, ஆய்வின் தரத்தையே பார்ப்பது என்று முடிவு செய்தது. 2013ஆம் ஆண்டுக்குப் பின் வெளியான 800க்கும் மேற்பட்ட ஆய்வுகள் பரிசீலிக்கப்பட்டன.

அவற்றுள் மிகக் குறைந்த அளவில் விளைவைக் காட்டியது, சுண்டெலிகளின் மண்ணீரலில் காணப்பட்ட டி-ஹெல்பர் 17 என்ற வகை வெள்ளணுக்கள் பற்றிய ஆய்வு. உடலில் அழற்சியைத் தூண்டுவதில் பங்கு வகிக்கும் இந்த அணுக்கள், கருவிலும் பாலூட்டும் பருவத்திலும் பிஸ்பெனால் ஏ-க்கு உள்ளான குட்டிகளிடம் அதிகரித்திருந்தன. ஒவ்வாமையால் ஏற்படும் நுரையீரல் அழற்சிக்கும், உடல் தன்னைத் தானே தாக்கும் நோய்களுக்கும் இது வழிவகுக்கலாம் என்று முகமை கருதியது.

மனித உடலுக்கு ஏற்ப மாற்றிக் கணக்கிட்டபோது, அந்த விளைவுக்குரிய அளவு கிலோவுக்கு 8.2 நானோகிராம் என வந்தது. அதனை 50ஆல் வகுத்து, 0.2 நானோகிராம் என்ற வரம்பு அறிவிக்கப்பட்டது. நானோகிராம் என்பது மைக்ரோகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 2006ஆம் ஆண்டு வரம்பின்படி அவர் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம். 2015இன்படி 240 மைக்ரோகிராம். 2023இன்படி 12 நானோகிராம் மட்டுமே.

ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனமும் ஐரோப்பிய மருந்துகள் முகமையும் இதற்குத் தமது மாறுபட்ட கருத்துகளைப் பதிவு செய்தன. வெள்ளணுக்களின் எண்ணிக்கை கூடுவது நோய் அல்ல, அது நோயில் முடியும் என்று நிறுவப்படவும் இல்லை என்பது அவற்றின் முக்கிய வாதம். சுண்டெலியிலிருந்து மனிதனுக்குக் கணக்கிட்ட முறையையும் ஜெர்மனிய நிறுவனம் குறை கூறியது. விந்தணுக்கள் குறைவதை அடிப்படையாகக் கொண்டு, கிலோவுக்கு 200 நானோகிராம் என்ற வரம்பை அது முன்மொழிந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 மைக்ரோகிராம்.

இந்தச் சர்ச்சையின் மையத்தில் இருப்பது ஆய்வின் துல்லியம் மட்டும் அல்ல. உடலில் நிகழும் ஒரு மாற்றம் எந்தக் கட்டத்தில் தீங்கு ஆகிறது என்பதே கேள்வி. நோய் வரும் வரை காத்திருப்பதா, நோய்க்கு முந்திய அறிகுறியிலேயே கோடு கிழிப்பதா என்பதை எலிகள் சொல்வதில்லை. மனிதர்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஜெர்மனிய நிறுவனம் தளர்வானது என்று கூறப்படும் தனது அளவையும், 2015ஆம் ஆண்டின் ஐரோப்பிய வரம்பைவிட இருபது மடங்கு குறைவாகவே வைத்தது என்பதும் இங்கு மறக்கக்கூடாத விடயம். எவ்வளவு என்பதில் பிணக்கு இருந்தாலும், பழைய வரம்பு போதாது என்பதில் ஐரோப்பாவின் இரு தரப்புகளும் ஒன்றுபட்டன.

அரசுகளின் முடிவுகள்

நிபுணர்கள் உடன்படும் வரை அரசுகள் அனைத்தும் காத்திருக்கவில்லை. பிஸ்பெனால் ஏ கொண்ட பால் புட்டிகளை முதலில் தடைசெய்ய முன்வந்த நாடு கனடா. 2008ஆம் ஆண்டில் அது அறிவித்த தடை 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டிலும், மலேசியா 2012ஆம் ஆண்டிலும் பால் புட்டிகளுக்குத் தடை விதித்தன.

அமெரிக்காவும் 2012ஆம் ஆண்டில் பால் புட்டிகளுக்கான அனுமதியை விலக்கிக்கொண்டது. ஆனால் அது பாதுகாப்பு குறித்த முடிவு அல்ல. தயாரிப்பாளர்கள் அந்தப் பயன்பாட்டை ஏற்கனவே கைவிட்டுவிட்டார்கள் என்று தொழில்துறையே அளித்த மனுவின் பேரில் எடுக்கப்பட்ட நடவடிக்கை.

பிரான்ஸ் 2015ஆம் ஆண்டு ஜனவரி முதல், உணவுடன் தொடர்புபடும் எல்லாக் கலன்களிலும் பிஸ்பெனால் ஏ-யைத் தடைசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் அரசியல் சாசனப் பேரவை, உள்நாட்டு விற்பனைக்கான தடையை ஏற்றுக்கொண்ட போதிலும், ஏற்றுமதிக்காகத் தயாரிப்பதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வாங்கும் நாடு அனுமதிக்கும் பொருளை, இங்கே தயாரிக்கக்கூடாது என்பதால் பிரெஞ்சு மக்களின் ஆரோக்கியத்துக்குப் பயனில்லை என்பது அதன் தர்க்கம். ஒரு நாட்டில் விற்கத் தகாததென விலக்கப்பட்ட கலன், தடை இல்லாத நாடுகளின் சந்தைக்குச் செல்ல அது வழி விட்டது.

ஐரோப்பிய இரசாயனங்கள் முகமை 2017ஆம் ஆண்டில் பிஸ்பெனால் ஏ-யை, ஹார்மோன் செயல்பாட்டைக் குலைக்கும் பொருளாகவும் மிகுந்த கவலைக்குரிய பொருட்களில் ஒன்றாகவும் பட்டியலிட்டது. இதனை எதிர்த்து பிளாஸ்டிக் தயாரிப்பாளர்களின் அமைப்பு தொடர்ந்த வழக்கு 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றத்தால் தள்ளுபடி செய்யப்பட்டது.

இறுதியாக 2024ஆம் ஆண்டு டிசம்பரில், உணவுடன் தொடர்புபடும் பொருட்களில் பிஸ்பெனால் ஏ-யைத் தடைசெய்யும் விதியை ஐரோப்பிய ஆணையம் ஏற்றது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அந்த விதி, பெரும்பாலான பொருட்களுக்கு 18 மாத கால அவகாசமும், சிலவகை டப்பா உணவுகள் உள்ளிட்டவற்றுக்கு 36 மாத கால அவகாசமும் அளித்தது. இறக்குமதியாகும் பொருட்களுக்கும் இது பொருந்தும் என்பதால், ஐரோப்பாவுக்கு டப்பாக்களில் உணவு அனுப்பும் ஆசிய நாடுகளின் ஏற்றுமதியாளர்களும் தமது உட்பூச்சை மாற்றவேண்டிய நிலை ஏற்பட்டது.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் அமைப்புகளும் விஞ்ஞானிகள் சிலரும், ஐரோப்பிய முகமையின் கண்டறிதல்களைச் சுட்டிக்காட்டி, பிஸ்பெனால் ஏ-க்கான அனுமதியைக் கட்டுப்படுத்துமாறு 2022ஆம் ஆண்டு ஜனவரியில் மனு அளித்தனர்.

மாற்றுப் பொருளின் பிரச்சினை

தடை வரும்போது தொழிற்சாலைகள் மூடப்படுவதில்லை. மாற்றுப் பொருள் தேடப்படுகிறது. பிஸ்பெனால் ஏ-க்குப் பதிலாகப் பல இடங்களில் வந்தது பிஸ்பெனால் எஸ். பெயர் மட்டுமல்ல, மூலக்கூறின் அமைப்பும் ஒத்தது.

ரசீதுத் தாள்களில் பிஸ்பெனால் ஏ-யை 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியபோது, பல தயாரிப்பாளர்கள் பிஸ்பெனால் எஸ்-க்கு மாறினர். ஆனால் அதுவும் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுவதை உயிரணுப் பரிசோதனைகள் காட்டியிருந்தன. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் பிஸ்பெனால் எஸ்-உம் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் இடம்பெற்றது. "பிஸ்பெனால் ஏ அற்றது" என்று பொருளின் மீது ஒட்டப்படும் வாசகம், அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பல ஆண்டுகள் ஆராய்ந்து தடைசெய்தால், ஒத்த பொருள் ஒன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இதனால் அமைப்பில் ஒத்த பொருட்களைக் குழுவாக மதிப்பிட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. ஐரோப்பாவின் புதிய விதியும், தீங்கானவை என வகைப்படுத்தப்பட்ட மற்ற பிஸ்பெனால்களைச் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

பரிசோதனை முறைகளிலும் மாற்றம் நிகழ்ந்து வருகிறது. அமெரிக்க அரசு அமைப்புகள் 2008ஆம் ஆண்டில் கூட்டாகத் தொடங்கிய டாக்ஸ்-21 என்ற திட்டம், சுமார் பத்தாயிரம் இரசாயனங்களை மனித உயிரணுக்களின் மீது தானியங்கிக் கருவிகளால் சோதித்தது. ஒரு பொருள் ஹார்மோனைப் போலச் செயல்படுமா என்பதை, அது சந்தைக்கு வருமுன்பே விரைவாக அறிய இத்தகைய முறைகள் உதவும். ஆனால் உயிரணு ஒன்றில் நிகழும் மாற்றம் மனிதருக்குத் தீங்காகுமா என்ற கேள்வியை அவையும் தீர்த்துவைப்பதில்லை. வெள்ளணுக்கள் பற்றிய சர்ச்சை இனி மற்றப் பொருட்களுக்கும் திரும்பத் திரும்ப எழும்.

வரம்பை மீறினால்?

ஐரோப்பியச் சுற்றாடல் முகமை 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட தகவலின்படி, 11 நாடுகளில் சிறுநீர் பரிசோதிக்கப்பட்ட 2,756 பேரில், நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், 100 சதவீதம் வரையிலானோர் புதிய வரம்பைவிட அதிகமாக பிஸ்பெனால் ஏ-க்கு உள்ளாகியிருந்தனர்.

இதனால் அவர்கள் அனைவரும் நோய்வாய்ப்படுவார்கள் என்று பொருள் அல்ல. வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு நாளும் உட்கொண்டாலும் கவலை இல்லை என்ற அளவே வரம்பு எனப்படுகிறது. அதனைத் தாண்டும்போது பாதுகாப்பு இடைவெளி குறைகிறது. அது எவ்வளவு குறைகிறது என்பது எந்த வரம்பை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பிஸ்பெனால் ஏ உடலில் நெடுங்காலம் தங்குவதும் இல்லை. கல்லீரல் அதனை மாற்றி, சில மணி நேரங்களிலேயே பெரும்பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பெரும்பாலானோரின் உடலில் அது எப்போதும் காணப்படுவதற்குக் காரணம், அது நாள்தோறும் மீண்டும் உள்ளே செல்வதுதான். எனவே பயன்பாட்டைக் குறைத்தால் உடலில் உள்ள அளவும் விரைவில் குறையும்.

பாலிகார்பனேட் கலன்களில் சூடான உணவையோ பானத்தையோ ஊற்றாமல் இருப்பது, கீறல் விழுந்து பழையதானவற்றைக் கைவிடுவது, டப்பா உணவுகளைக் குறைப்பது ஆகியவை உள்ளே செல்லும் அளவைக் குறைக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது கூடுதலாகப் பொருந்தும். நாள் முழுவதும் ரசீதுத் தாள்களைக் கையாளும் கடை ஊழியர்களுக்குத் தோல் வழியாகவும் அது உட்செல்கிறது என்பதால், அவர்களது பாதுகாப்பு தனிநபரின் கவனத்தில் விடப்படாமல், வேலை கொடுப்பவரின் பொறுப்பாகவும் பார்க்கப்பட வேண்டியது.

ஆனால் தனிநபர் எச்சரிக்கைக்கு எல்லை உண்டு. டப்பாவின் உட்பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்பதை வாங்குபவரால் பார்த்து அறிய முடியாது. அதனால்தான் வரம்பு நிர்ணயிக்கும் பணி அரசு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

ஐயம் நிலவும் காலத்தில், பொருள் குற்றமற்றது என்று கொண்டு, தீங்கு நிறுவப்படும் வரை அதனைச் சந்தையில் விடுவது ஒரு வழி. தீங்கற்றது என்று தயாரிப்பாளர் நிறுவும் வரை அதனைத் தடுத்துவைப்பது மற்றொரு வழி. முதல் வழியில் தவறு நேர்ந்தால் அதற்கான விலையைச் செலுத்துவோர், கருவில் இருப்போரும் குழந்தைகளும். இரண்டாவது வழியில் தவறு நேர்ந்தால் செலவு தொழில்துறைக்கும், ஓரளவு நுகர்வோரின் பணப்பைக்கும்.

இவற்றில் எதனைத் தேர்வது என்பதை எந்த ஆய்வுகூடமும் தனியே தீர்மானிக்க முடியாது. அது ஒரு சமூகம் தன் பிரதிநிதிகள் மூலம் எடுக்கும் அரசியல் முடிவு. அந்த முடிவை ஓர் எண்ணுக்குப் பின்னால் மறைக்காமல், எந்தத் தீங்கு கணக்கில் கொள்ளப்பட்டது, எந்த ஆய்வு விலக்கப்பட்டது, ஏன் என்பதை வெளிப்படையாகச் சொல்வதே நச்சியல் அமைப்புகளிடமிருந்து மக்கள் எதிர்பார்க்க உரிமை உள்ள குறைந்தபட்ச நேர்மை.